டர்போ கார்: நோய் அறிதலும் வருமுன் காத்தலும்



தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் ஒன்று இருந்தது. துரைக்கு ஒன்று, பெரிய கிராணிக்கு ஒன்று. மற்றவர்களுக்குச் சைக்கிள்தான். பட்டணத்துக்குப் போக வேண்டுமென்றால் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலம் மாறிவிட்டது. பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கோலக்கெட்டில் பக்கங்களில் தோட்டத்து வீட்டு வாசலிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய வீடமைப்புப் பகுதிகளிலும் இன்று கார் நிற்கிறது. பிள்ளைகள் கூலிம் தொழிற்பேட்டைக்கும் சுங்கை பட்டாணிக்கும் வேலைக்குப் போக அதுவே வழி. வயதானவர்களை மருத்துவமனைக்குக் கொண்டு போகவும் அதுவே வழி.

அந்தக் கார்களில் பல இன்று டர்போ பொருத்திய பெட்ரோல் கார்கள். அவற்றை வாங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் தவணைக்கே வாங்குகின்றன. ஒன்பது ஆண்டு வரை நீளும் தவணை அது. நடுவழியில் எஞ்சின் கெட்டுப் போனாலும் மாதத் தவணை நிற்காது. வண்டி பட்டறையில் கிடக்கும். பணம் வங்கிக்குப் போய்க்கொண்டிருக்கும். வேலைக்குப் போக வேறு வண்டி தேட வேண்டும். ஆகவே இந்த எஞ்சினைப் பற்றி அறிந்துகொள்வது போமன் வேலை பார்ப்பவருக்கு மட்டும் உரிய காரியமன்று. அது குடும்ப வரவு செலவைக் காக்கும் காரியம்.

டர்போ என்பது என்ன? எஞ்சினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது. அதை எரிக்கக் காற்றும் வேண்டும். அதிகக் காற்றை உள்ளே தள்ளினால் அதற்கேற்ப அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினைப் போல் இழுக்கும். சாதாரண எஞ்சின் தானே உறிஞ்சும் காற்றோடு திருப்தி அடைகிறது. டர்போ எஞ்சினோ வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நெருக்கப்பட்ட காற்று சூடாகிவிடும். அதைக் குளிர வைக்க இண்டர்கூலர் என்னும் ஒரு சிறு ரேடியேட்டர் உண்டு.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி என்னும் பொறியாளர் 1905-ஆம் ஆண்டிலேயே இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். பொதுமக்கள் வாங்கும் காரில் அது வந்தது 1962-இல்தான். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் அவ்வாறு வந்த முதல் கார்களில் ஒன்று. அந்தக் காருக்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் அவ்வப்போது ஊற்றி வர வேண்டும். உரிமையாளர்கள் பலர் அதை ஊற்ற மறந்தார்கள். திரவம் தீர்ந்தால் எஞ்சின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காரில் சக்தி இல்லை என்று அவர்கள் குறைப்பட்டார்கள். 1963-உடன் அந்தக் காரின் கதை முடிந்தது. டர்போ எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது கேட்பதைத் தவறாமல் கொடுக்க வேண்டும் என்ற பாடம் முதல் காரிலேயே எழுதப்பட்டுவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். புரோட்டான் நிறுவனம் 2011-ஆம் ஆண்டு இறுதியில் எக்சோரா போல்ட் காரையும், 2012-இல் பிரேவேயையும், 2013-இல் சுப்ரிமா எஸ் காரையும் டர்போ எஞ்சினுடன் வெளியிட்டது. சி.எஃப்.இ. என்று சொல்லப்படும் அந்த 1.6 லிட்டர் கேம்ப்ரோ எஞ்சின் 138 குதிரைத்திறன் தரும். டர்போ இல்லாத அதே அளவுள்ள கேம்ப்ரோ எஞ்சின் தருவது ஏறத்தாழ 110தான். பின்னர் 2018-இல் எக்ஸ் 70, 2020-இல் எக்ஸ் 50, 2021-இல் பெரோடுவா அதிவா ஆகியவை வந்தன. நம் கெடா மாநிலத்துக்கும் இதில் பங்குண்டு. கூலிமில் உள்ள இனோகோம் தொழிற்சாலை பி.எம்.டபிள்யூ கார்களைப் பொருத்தித் தருகிறது. குருணில் இருந்த நாசா தொழிற்சாலையில் 2010-களில் பெஜோ கார்கள் பொருத்தப்பட்டன.

இனி நோய்களைப் பார்ப்போம். நோயை மட்டும் பார்த்து மருந்து கொடுக்காமல் அதன் மூலத்தையும் தேட வேண்டும் என்று வள்ளுவர் சொன்னது மனித உடலுக்கு மட்டுமல்ல, எஞ்சினுக்கும் பொருந்தும்.

முதலாவது, எண்ணெய். மலாய்க்காரர்கள் மிஞாக் ஹித்தாம் என்றும் நம்மவர் கறுப்பெண்ணெய் என்றும் சொல்லும் எஞ்சின் எண்ணெய்தான் டர்போவின் உயிர். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அது இரும்பின் மேல் இரும்பாக உராய்ந்து சுழல்வதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. அதன் ஒரு பக்கத்திலோ தொள்ளாயிரம் டிகிரியைத் தாண்டக்கூடிய சூட்டில் புகை பாய்கிறது. எண்ணெய் குறைந்தால், அல்லது கெட்டுக் கெட்டியானால், அந்தப் படலம் அறுந்துவிடும். பிறகு பேரிங் தேயும், சக்கரம் கூட்டின் சுவரில் உரசும், டர்போ போய்விடும்.

எண்ணெய் எப்படிக் கெடுகிறது? மாற்ற வேண்டிய தூரம் கடந்தும் மாற்றாமல் ஓட்டுவது ஒரு வழி. மலிவாகக் கிடைக்கிறதென்று தரம் குறைந்த எண்ணெயை ஊற்றுவது இன்னொரு வழி. நம்மில் பலருக்குத் தெரியாத மூன்றாவது வழியும் உண்டு. வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு மைல், அங்கிருந்து கடைக்கு ஒரு மைல் என்று தினமும் குறுகிய ஓட்டம் மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடு அடைவதே இல்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் கலந்து தங்கிவிடும். கிலோமீட்டர் கணக்கு குறைவாக இருக்கும், எண்ணெயோ கெட்டிருக்கும். ஆகவே கையேட்டில் தூரம், மாதம் என்று இரண்டு கணக்கு போட்டிருந்தால், எது முதலில் வருகிறதோ அதையே கொள்ள வேண்டும். செம்மண் தூசிப் பாதையிலும் குறுகிய ஓட்டத்திலும் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்னதாகவே மாற்றுவது நல்லது.

எண்ணெய் எங்கே கசியலாம் என்பதையும் அறிய வேண்டும். சி.எஃப்.இ. எஞ்சினில் எண்ணெயைக் குளிர வைக்கும் கூலர் ஒன்று உண்டு. அதற்குச் செல்லும் ரப்பர் குழாய் சூட்டில் இறுகி, வெடித்து, எண்ணெயைக் கக்கிவிடும் குறை அந்த எஞ்சினில் தெரியவந்தது. எண்ணெய் அழுத்தத்தோடு ஓடும் குழாய் அது. வெடித்தால் சில நிமிடங்களில் எஞ்சின் வறண்டுவிடும். 2016-இல் புரோட்டான் நிறுவனமே அந்தக் குழாயை மாற்றித் தர வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பழைய எக்சோரா போல்டோ பிரேவேயோ வாங்க நினைப்பவர்கள், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, இந்த வண்டிக்குக் குழாய் மாற்றப்பட்டதா என்று புரோட்டான் சேவை நிலையத்தில் கேட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். மாற்றிய குழாயும் ரப்பர்தான், அதற்கும் வயதாகும். ஆண்டுக்கொரு முறை அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். டர்போ எஞ்சின் சாதாரண எஞ்சினைவிட அதிகச் சூட்டில் வேலை செய்கிறது. ரேடியேட்டர், தண்ணீர்ப் பம்பு, மின்விசிறி, தெர்மோஸ்டாட், குழாய்கள் ஆகிய எதில் குறை வந்தாலும் முதலில் அடிபடுவது சிலிண்டர் தலையும் அதன் கேஸ்கெட்டும். இந்த நோய் திடீரென்று வருவதில்லை. கூலண்ட் தொட்டியில் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஊற்றுகிறோம், மீண்டும் குறைகிறது. கூலண்ட் மூடிய பாதையில் சுற்றுகிறது. அது தானாகக் குறையாது. ஒரு மாதத்தில் இரண்டு முறை ஊற்ற வேண்டி வந்தால், எங்கோ கசிகிறது அல்லது எஞ்சினுக்குள் போகிறது என்று பொருள். ஊற்றிக்கொண்டே இருப்பது மருந்தன்று.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைக் கண்டிக்க வேண்டும். நம் நாடு வெப்ப நாடு, தெர்மோஸ்டாட் எதற்கு என்று சொல்லி அதைக் கழற்றிப் போடும் பட்டறைகள் உண்டு. இது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது. கணினி அதைக் குளிர்ந்த எஞ்சின் என்று எண்ணிப் பெட்ரோலை அதிகம் ஊற்றும். எண்ணெயில் சேர்ந்த நீராவி போகாது. எல்லாவற்றையும்விட, உண்மையான நோய் மறைந்து கிடந்து பிறகு பெரிதாக வெடிக்கும். ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றுவதும் அப்படித்தான். அதிலுள்ள உப்பும் அழுக்கும் ரேடியேட்டரின் நுண்ணிய குழல்களை அடைத்துவிடும்.

சூடு முள் ஏறினால் என்ன செய்வது? வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் நூறு டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கும். மூடியைத் திறந்ததும் கொதித்து முகத்தில் அடிக்கும். எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். அலுமினியத்தாலான சிலிண்டர் தலை கோணிவிடும். ஆறட்டும். அடுத்த ஊர் வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைத்தவர்கள்தான் எஞ்சினையே இழந்திருக்கிறார்கள். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் கூலி, எஞ்சின் பிரித்துக் கட்டும் கூலியில் ஒரு சிறு பங்குதான்.

மூன்றாவது, காற்று. வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை. பெடலை மிதித்தால் உஸ் என்று சத்தம் வருகிறது. எஞ்சின் விளக்கு எரிகிறது. பட்டறைக்குப் போனால் டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். டர்போவிலிருந்து இண்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் ரப்பர்க் குழாய்கள் போகின்றன. அவற்றில் ஒரு வெடிப்பு இருந்தாலும், ஒரு கிளிப் தளர்ந்தாலும் நெருக்கிய காற்று வெளியே ஓடிவிடும். குறி அத்தனையும் டர்போ கெட்டது போலவே இருக்கும். சைக்கிள் டியூப்பில் ஓட்டை இருக்கும்போது பம்பைக் குறை சொல்லலாமா? முதலில் குழாய்களைப் பார்க்க வேண்டும். பிறகு காற்று வடிகட்டி. பிறகு, அழுத்தம் மிகும்போது புகையை வேறு வழியில் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்னும் கதவு. இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் டர்போவைச் சந்தேகிக்க வேண்டும்.

டர்போவையும் கண்ணால் பார்த்து ஓரளவு அறியலாம். எஞ்சின் ஆறிய பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் அச்சை விரலால் அசைத்துப் பார்க்கிறார் போமன். பக்கவாட்டில் மிகச் சிறிது அசைந்தால் குற்றமில்லை. எண்ணெய் நிரம்பும்போது அது சரியாகும். முன்னும் பின்னும் அசைந்தாலோ, சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசிய கீறல் இருந்தாலோ டர்போ தேய்ந்துவிட்டது. இந்தச் சோதனையை உங்கள் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள். நல்ல போமன் அதற்குக் கோபப்பட மாட்டார்.

புதிய டர்போ போட்டுச் சில மாதத்தில் அதுவும் போய்விட்டது என்று சிலர் வருந்துவதுண்டு. முதல் டர்போ ஏன் போனது என்று பார்க்காததே காரணம். எண்ணெய் வரும் மெல்லிய குழாய் கரி பிடித்து அடைபட்டிருந்தால் புதியதற்கும் எண்ணெய் வராது. ஆகவே டர்போ மாற்றும்போது எண்ணெய்க் குழாயைச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, எண்ணெயும் வடிகட்டியும் புதிதாகப் போட்டு, இண்டர்கூலரில் தங்கிய எண்ணெயையும் துகள்களையும் கழுவ வேண்டும்.

நான்காவது, தீப்பொறி. நெருக்கிய காற்றுக்கு நடுவே தீப்பொறி பாய்வது கடினம். ஸ்பார்க் பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றால், நிற்கும்போது நன்றாக ஓடும் வண்டி, ஏற்றத்தில் மட்டும் குலுங்கும். பிளக்கும் காயிலும் டர்போவோடு ஒப்பிட்டால் மலிவானவை; முதலில் பார்க்க வேண்டியவை. எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போகிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் புகையைச் சுத்திகரிக்கும் கருவியும் எரிந்துவிடும்.

ஐந்தாவது, நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பாய்ச்சும் எஞ்சின்களுக்கு மட்டும் உரியது. இவற்றில் காற்று வால்வுகளின் பின்புறத்தைப் பெட்ரோல் கழுவுவதில்லை. ஆகவே கரி படிகிறது. பெஜோவும் பி.எம்.டபிள்யூவும் சேர்ந்து உருவாக்கிய 1.6 டர்போ எஞ்சினில் இந்தக் கரியும், காலையில் கிளப்பும்போது கடகடவென்று சத்தமிடும் சங்கிலித் தளர்ச்சியும் பேர்போன நோய்கள். அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்தால் சங்கிலி பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். சி.எஃப்.இ. எஞ்சினில் சங்கிலிக்குப் பதில் பெல்ட் இருக்கிறது. அதைக் கையேட்டில் சொன்ன தூரத்தில் மாற்றியே ஆக வேண்டும்.

நேரடிப் பாய்ச்சல் டர்போ எஞ்சினில் இன்னோர் ஆபத்தும் உண்டு. குறைந்த சுழற்சியில், உயர்ந்த கியரில், பெடலை அடி வரை மிதித்தால், தீப்பொறி வருமுன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கக்கூடும். இதைத் தடுக்கும் தரத்தோடு 2018 முதல் எஸ்.என். பிளஸ் என்றும், 2020 முதல் எஸ்.பி. என்றும் முத்திரையிட்ட எண்ணெய்கள் வந்திருக்கின்றன. டின்னின் மேல் அந்த எழுத்துகளைப் பாருங்கள். கியர் போட்டு ஓட்டும் வண்டியானால் ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது, கருவி ஏதும் இல்லாமல் வீட்டில் இருப்பவரே நோயை அறியும் வழிகள். புகையின் நிறத்தைப் பாருங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம். காலைக் குளிரில் சற்று நேரம் வெண்புகை வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. சூடேறிய பிறகும் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தால் கூலண்ட் எரிகிறது. எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறமானால் கூலண்ட் கலந்துவிட்டது. அந்த வண்டியை இனி ஓட்டக்கூடாது. நிறுத்துமிடத்தில் தரையைப் பாருங்கள். புதுக் கறை இருந்தால் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்த விநாடியே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். வீடு கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி.

பட்டறையில் கணினிக் கருவியைச் செருகிக் குறிஎண் பார்ப்பார்கள். பி 0299 என்று வந்தால் காற்றழுத்தம் குறைவு. பி 0300 என்று வந்தால் சிலிண்டர்கள் சரியாக எரியவில்லை. இந்த எண்கள் நோய் இருக்கும் தெருவைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது. எண்ணைப் பார்த்தவுடன் பாகத்தை மாற்றும் போமனிடம் கவனமாக இருங்கள். எந்தச் சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ள காலத்துக்கு ஒரு வார்த்தை. 2022 ஜூலையில் பாலிங் வட்டாரத்தில் கூப்பாங் பகுதியை வெள்ளம் தாக்கியது நமக்கு நினைவிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற காரைக் கிளப்பிப் பார்க்கவே கூடாது. காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். முதலில் இழுத்துப் போய், பிளக்குகளைக் கழற்றி, நீரை வெளியேற்ற வேண்டும்.

தம்பிமார்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். கணினியை மாற்றி எழுதி டர்போ அழுத்தத்தைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. கூடிய அழுத்தத்தைத் தாங்குமாறு பிஸ்டனும் கேஸ்கெட்டும் செய்யப்படவில்லை. அப்பாவின் கையொப்பத்தில் வாங்கிய தவணைக் காரில் அந்தச் சோதனை வேண்டாம்.

அப்படியானால் டர்போ காரை வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டோம். கையேட்டின்படி பராமரித்து, சேவைக் குறிப்புகளைக் காட்டக்கூடிய வண்டியானால் தாராளமாக வாங்கலாம். குறிப்பு இல்லாத வண்டியை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், விலை மலிவென்று வாங்காதீர்கள். பராமரிக்க நேரமோ பணமோ இல்லாத குடும்பத்துக்கு டர்போ இல்லாத சாகாவோ மைவியோ போதும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பால் வெட்டும் கத்தியை நம் பெரியவர்கள் தீட்டாமல் வேலைக்குப் போனதில்லை. மழுங்கிய கத்தி மரத்தையும் கெடுக்கும், கூலியையும் கெடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். காருக்கும் அந்தக் கவனம் போதும். ஞாயிறுதோறும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, எண்ணெய்க் கம்பி, கூலண்ட் தொட்டி, குழாய்கள், தரைக் கறை ஆகிய நான்கையும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. காலையில் கிளப்பியதும் சீறிப் பாயாமல் முதல் சில நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். குனோங் ஜெராய் மலையேறியோ நெடுஞ்சாலையில் வேகமாக ஓடியோ வந்தால், உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். இல்லையேல் டர்போவுக்குள் தங்கிய எண்ணெய் சூட்டில் வெந்து கரியாகும். எண்ணெய் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி வையுங்கள். பிற்காலத்தில் வண்டியை விற்கும்போது அந்த நோட்டுப் புத்தகமே நல்ல விலை வாங்கித் தரும்.